கலெராலி…

உம்மன்னாக்கில் டிசம்பர்.
சூரியன் விடுப்பில் போய் ஐந்து வாரம்.
மீன் ஆலையின் எடைக்கூடத்தில்
கையுறையைக் கழற்றாமலே சுட்டினார் ஊலோரியாக்.
திரையில் அருகருகே இரண்டு பொத்தான்கள்:
கலெராலி…
கலெராலி…

எது பெரிய மீன் என்று கேட்டேன்.
"இடது.
திங்கட்கிழமை வேறு ஆள் உட்கார்ந்தால், வலது."

நிரலை எழுதியவர் கெல்ட், ஆல்போர்க்காரர்.
டேனிஷ் சொற்களுக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்:
இடமிருந்து நாற்பது, மேலிருந்து நூற்றுப்பத்து,
அகலம் எழுபது.
'சேமி' என்பதற்கு அவர் மொழியில் மூன்றே எழுத்து.
எங்கள் சொல்லோ ஆழத்தூண்டில் கயிறு,
கொக்கிக்குப் பின் கொக்கியாய் இறங்கிக்கொண்டே போகும்.
பெரிதா சிறிதா என்பது
கடைசிக் கொக்கியில்தான் மாட்டியிருக்கும்.
சுவாக் என்று முடிந்தால் பெரியது,
ங்ஙுவாக் என்றால் சிறியது.
அது மேலே வருமுன்
கயிற்றை அறுத்து
மூன்று புள்ளி வைத்துவிட்டது பெட்டி.

மேலாளர் ப்ரெபன் நல்ல மனிதர்.
குறை கேட்டு, அகலமான புதுத் திரை வாங்கித் தந்திருந்தார்.
சன்னலை இழுத்துப் பெரிதாக்கினேன்.
பொத்தான்கள் இடது மேல்மூலையிலேயே ஒண்டிக் கிடந்தன.
மிச்சமெல்லாம் சாம்பல்,
ஆளில்லாத ஃபியோர்டு.
இடம் இருக்கிறது.
பங்கு வைக்கத்தான் யாருமில்லை.

எண்களை அழித்தேன், நூற்று முப்பத்தாறு வரி.
கெல்டிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்பு.
பிறகு வேறொரு மேலாளரை வேலைக்கு வைத்தேன்,
சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை.
அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
உனக்கு எவ்வளவு வேண்டும்?
ஒவ்வொரு பொத்தானும்
தன் சொல்லை வால்வரை சொல்லிப் பார்த்து
இவ்வளவு என்றது.

முதல் ஓட்டத்தில்
எல்லாம் நடுவில் குவிந்து நின்றன,
புயலில் சுருண்ட நாய்கள் மாதிரி.
எடை கொடுக்க மறந்திருந்தேன்.
எடை என்பது இங்கே வேறு சங்கதி:
உபரி இடம் வந்தால் அது யாருக்கு என்று சொல்லும் எண்.
பூஜ்யம் என்றால், கேட்டது போதும்.
ஒன்று என்றால், மிச்சமும் எனக்கு.
விளக்கி முடிக்கவில்லை,
"எடைக்கூடத்துக்கு வந்து எடையை மறந்தவள்"
என்று ஊலோரியாக் இருமும்வரை சிரித்தார்.
பட்டியலுக்கு ஒன்று கொடுத்தேன்.
பொத்தான்களுக்குப் பூஜ்யம்,
சுற்றிலும் பன்னிரண்டு புள்ளி ஓரம்,
கையுறை விரலுக்காக.

இரவா பகலா தெரியாத ஒரு நாலு மணிக்கு
சன்னல் திறந்தது.
கலெராலிஸ்ஸுவாக்.
கலெராலிங்ஙுவாக்.
ஊலோரியாக் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், விட்டார்,
பிள்ளைகள் பலூனை ஊதுவதுபோல.
ஓர் அளவுக்குமேல் அது சுருங்க மறுத்தது.
இன்னும் அழுத்திப் பார்த்தார்.
"பிடிவாதம்" என்றார், திருப்தியாக.

அப்போதுதான் யாகுவாரக் உள்ளே வந்தார்,
காலணியில் பனி, சட்டையில் தூண்டில் இரையின் வாடை.
திரையை வெகுநேரம் படித்தார்.
உள்பையிலிருந்து மடித்த சீட்டுகளை எடுத்து
தராசின் மேலேயே வைத்தார்.
அக்டோபர். நவம்பர். பதினாலு பெட்டி.
"எல்லாம் சிறியது என்று போட்டிருக்கிறது.
சிறிய மீனுக்கா என் தோள் இப்படி வலிக்கும்?"

காகிதத்தின் கனத்துக்குத் தராசு
ஒன்றும் காட்டவில்லை.

பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
திருத்தம்.
மற்ற பத்திகள் சொல்லாமலே
கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி
அதற்கு இடம் விட்டன.

ப்ரெபன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு
யாகுவாரக் போய்
அந்தக் கதவைத் தட்டினார்.